சர்வர் அறையில் இரண்டு பேர்

லாகின் செய்ததும் திரையில் ஓடும் ஏழெட்டு வரிகளை யாரும் படிப்பதில்லை. டிஸ்க்கில் இவ்வளவு இடம் மிச்சம், மெமரி இவ்வளவு செலவு என்று அது பாட்டுக்கு ஒப்பித்துவிட்டு ஓயும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, புத்தம்புது சர்வரில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி முடித்து முதல் முறையாக உள்ளே நுழைந்தபோது, அவள் கண் என்னவோ நாலாவது வரியில் போய் மாட்டிக்கொண்டது.

இப்போது உள்ளே இருப்பவர்கள்: 2.

ஒன்று என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

நேற்று மாலை வரை பெட்டிக்குள் தெர்மோகோலுக்கு நடுவில் கிடந்த இயந்திரம் அது. பெட்டியின் டேப்பைக் கிழித்தவள் அவள். ரேக்கில் ஏற்றித் திருகு முடுக்கியவள் அவள். மின்சார வயர் இரண்டு, நெட்வொர்க் கேபிள் ஒன்று, திரைக்கும் கீபோர்டுக்கும் ஒவ்வொன்று என்று ஐந்தே ஐந்து வயர்களைச் சொருகியவளும் அவள்தான். லினக்ஸ் இருந்த பென்டிரைவ் அவள் கைப்பையை விட்டு வேறெங்கும் போனதில்லை. ரூட் பாஸ்வேர்டை, அதாவது அந்த இயந்திரத்தின் அத்தனை பூட்டுக்கும் ஒரே சாவியை, அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் மனசுக்குள் யோசித்து வைத்தாள். எங்கும் எழுதவில்லை.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் ரூட். ஒன்று அவள். இன்னொன்று அவளுக்கு நான்கு நிமிஷம் முன்பே உள்ளே வந்திருந்தது.

நான்கு நிமிஷம் முன்னால் அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாராவது என்றால் ஏதோ கோளாறு என்று தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அவளால் முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ ஒருவன் அவள் பாஸ்வேர்டில் நுழைந்து மூன்று வருஷத்து வரைபடங்களை ஒரே இரவில் துடைத்துவிட்டுப் போனான். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. "உங்க பாஸ்வேர்டுதானே மேடம்?" என்று விசாரணையில் கேட்டார்கள். ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு தனியாகத் தொழில் ஆரம்பித்து, ஊர்ப்பட்ட அலுவலகங்களின் படியேறி, இரண்டு வருஷம் கழித்து முதல் முறையாகக் கிடைத்த பெரிய வேலை இது. அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. நானூறு பேர். இருப்பு, லோடு அனுப்புவது, வருகைப்பதிவு எல்லாமே இந்தச் சர்வருக்கு மாறப்போகின்றன. பழைய சர்வர் இழுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எட்டு மணி ஷிப்ட்டுக்குப் புதியது ஓட வேண்டும். இதிலும் ஏதாவது நடந்தால் அவளை யாரும் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு அது. வெளியிலிருந்து எவனாவது நுழைந்திருந்தால் இந்நேரம் தூக்கி எறியப்பட்டிருப்பான்.

மறுபடி கேட்டாள். இரண்டு.

அப்படியானால் கட்டடத்துக்குள்ளேயே.

கட்டடத்தில் அவளைத் தவிர இருந்தது வாட்ச்மேன் மட்டும்தான். காலையில் டீ கொண்டுவந்தவர் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்று, அவள் பாஸ்வேர்டு தட்டுவதைப் பார்த்து, "இதையெல்லாம் எப்படி மேடம் ஞாபகம் வச்சுக்கிறீங்க? எனக்கு வீட்டு நம்பரே மறந்துபோகுது" என்று சிரித்தது இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இல்லை?

கீழே இறங்கிப் போனாள். நல்ல வெயில். கேட் அருகே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சர்வர் ரூமுக்கு இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு மேடம். அவசரத்துக்குன்னு குடுத்து வச்சிருக்காங்க."

"அதைக் குடுங்க. வேலை முடியறவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

அவர் முகம் சுருங்கியது. வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். பிறகு, "பழைய சாரும் இப்படித்தான். ரெண்டு சாவியையும் அவரே வச்சுக்குவார்" என்றார்.

"எந்த சார்?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர். கோந்து சார்னு கூப்பிடுவாங்க. உக்காந்தா எழுந்திரிக்க மாட்டார், ஒட்டுன மாதிரி. எட்டு மாசம் ஆச்சு, சொல்லாம கொள்ளாம நின்னுட்டார்."

கோந்து. ஆள் புரிந்துவிட்டது. வேலையை விட்டுப் போன ஆள், கட்டடத்தை உள்ளங்கை மாதிரி அறிந்த ஆள், எங்கேயோ உட்கார்ந்து விளையாடுகிறான். வாட்ச்மேன் அவனுக்குக் கையாளாக இருக்கலாம். படியேறும்போதே தீர்மானித்தாள். டிஸ்க்கை அடியோடு துடைத்து, முதலிலிருந்து ஏற்றுவது.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். இரண்டு சாவியும் ஜீன்ஸ் பையில். இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறையும்.

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. ஒரு சுவரில் இரண்டு ஆளுயர ஏசிகள், நடுவில் கருப்பு ரேக்குகள் நான்கு, மூலையில் மேசையும் சுழல் நாற்காலியும், எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான வெள்ளை வெளிச்சம். நூறு மின்விசிறிகள் ஒரே சுருதியில் சுற்றுகிற அந்த இரைச்சல் முதல் ஐந்து நிமிஷம் காதை அடைக்கும், பிறகு காதே அதை மறந்துவிடும், அதற்கும் பிறகு அதற்குள்ளே வேறு வேறு சத்தங்கள் கேட்பது போலத் தோன்ற ஆரம்பிக்கும். காற்றில் நனைந்த இரும்பின் வாடையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும், அவற்றுக்கு அடியில் வெகுநாள் திறக்காத பெட்டிக்குள் தலையை விட்டது போல ஒரு புழுங்கிய வாடையும். காலுக்கடியில் இருந்தது உண்மையான தரை இல்லை. சிமென்டுத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு இரும்புக் கால்கள் நிறுத்தி, அவற்றின் மேல் சதுரச் சதுரமாகக் கனத்த பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். குளிர்காற்றும் கேபிள்களும் அந்த இடைவெளியில் ஓடும். வெறுங்காலோடு நிற்கிறவளுக்குக் குளிர் உள்ளங்காலிலிருந்துதான் ஏறியது.

டிஸ்க்கைத் துடைத்தாள். மொழி, கீபோர்டு, நேரம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று அது கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். இந்த முறை பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் தட்டினாள். பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

மேனேஜர் போன் செய்தார். "எப்போ முடியும் மேடம்?"

"இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் சார்."

"காலைலயும் ரெண்டு மணி நேரம்னுதான் சொன்னீங்க."

வைத்துவிட்டார். கோடு பாதியைத் தாண்டவில்லை. அவளே கணவனுக்குப் போன் செய்தாள். மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போயிருந்தான். தண்ணீர்ச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"ஏங்க, இங்க யாரோ என் பாஸ்வேர்டுல உள்ள வந்திருக்காங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லங்க, நிஜமாவே..."

"போன மாசம் என் போனை நோண்டினப்பவும் இதையேதான் சொன்னே. யாராவது ஒருத்தரை சந்தேகப்படாம உனக்குப் பொழுது போகாதா? வேலையை முடிச்சுட்டு வாம்மா. பாப்பா கூப்பிடறா."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

இரைச்சலுக்குள் எங்கோ ஒரு சத்தம். டக். டக் டக். ரேக்கின் கதவு தளர்ந்திருக்கும். எழுந்து போய்க் கையால் அழுத்திப் பிடித்தாள். சத்தம் நிற்கவில்லை. சீராகவும் இல்லை. விட்டு விட்டு, யோசித்து யோசித்து. டக் டக். டக். அவள் மூச்சை அடக்கிக் கேட்கக் கேட்க, அதுவும் அடங்கியது.

பச்சைக் கோடு முடிந்தது. இயந்திரம் அணைந்து, ஒரு பெருமூச்சோடு மறுபடி எழுந்தது. லாகின் கேட்டது. இருபத்திரண்டு எழுத்துகளையும் தட்டினாள். நாலாவது வரி.

2.

இன்னொரு ரூட் இந்த முறை ஒரே ஒரு நிமிஷம் முன்னால் வந்திருந்தது.

இப்போதுதான் அந்த வரியை முழுசாகப் படித்தாள். முதல் முறை கவனிக்காதது. எந்த வழியாக வந்திருக்கிறார் என்ற இடத்தில் நெட்வொர்க் இல்லை. சீரியல் என்று இருந்தது. சர்வரின் முதுகில் பழைய காலத்து ஒன்பது ஊசி பிளக் ஒன்று இருக்கும். மற்ற எல்லாம் செத்துப்போனாலும் அதில் ஒரு கேபிளைச் சொருகி, மறுமுனையில் ஒரு திரையும் கீபோர்டும் வைத்துக்கொண்டு உள்ளே வரலாம். ஆபத்துக்கு உதவும் என்று அந்த வழியை அவளேதான் வழக்கம்போலத் திறந்துவைத்திருந்தாள். இரண்டு முறையும்.

அதாவது கேபிள் எட்டும் தூரத்தில். பத்துப் பதினைந்து மீட்டருக்குள்.

வரியின் ஓரத்தில் இன்னொரு எண். அந்த ஆள் கடைசியாகத் தட்டி எவ்வளவு நேரமாகிறது என்று சொல்வது. பூஜ்யம். மறுபடி கேட்டாள். பூஜ்யம். இந்த நொடியும் தட்டிக்கொண்டிருக்கிறான்.

டக். டக் டக்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, எடுத்த கையாலேயே, அந்தப் பக்கம் இருப்பவன் திரையில் தெரியும்படி ஒரு வரி அனுப்பினாள். ஆங்கில எழுத்துகளில், தமிழில். யாரு?

விசிறிகள் சுற்றின. பதில் உடனே வரவில்லை. எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுகிறவனுக்கு ஆகிற நேரம் ஆயிற்று.

எப்போ முடியும்?

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. மேனேஜர்! அவள் வேலையைச் சோதிக்கிறாரா? மாட்டிவிடப் பார்க்கிறாரா? போனை எடுத்து அழைத்தாள்.

"சார், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"கார் ஓட்டிட்டு இருக்கேன் மேடம், ஏன்?" ஹாரன் சத்தம். பின்சீட்டில் ஒரு குழந்தை பாடிக்கொண்டிருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அடுத்த வரி ஊர்ந்து வந்தது.

ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"சார்... இந்தத் தரைக்கு அடியில யாராவது... எதையாவது வச்சிருக்கீங்களா?"

"தரைக்கு அடியிலயா? போன மாசம்தானே கேபிள்காரங்க மொத்தப் பலகையையும் பேத்து எடுத்துப் பெருக்கித் துடைச்சாங்க. நான் நின்னு பாத்தேன். தூசியைத் தவிர ஒண்ணும் கிடையாது. என்ன ஆச்சு?"

அவள் வைத்துவிட்டாள். வாட்ச்மேனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அப்படியானால் இவர்தான். இவராகத்தான் இருக்க வேண்டும். இவராக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எடுத்தார். "சொல்லுங்க மேடம். லாரி ஒண்ணு வந்திருக்கு, கேட்டைத் திறந்துட்டு இருந்தேன்." லாரியின் உறுமல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, அந்த கோந்து சார் கடைசியா எப்பப் போனார்? நீங்க பாத்தீங்களா?"

அவர் லாரியை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

"அண்ணே."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். அன்னிக்கு உள்ள போனதுக்கு ரெஜிஸ்டர்ல அவர் கையெழுத்து இருக்கு. வெளிய வந்ததுக்கு இல்ல. கையெழுத்துப் போட மறந்துட்டுப் போயிருப்பார்னு நானே போட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அவர் சம்சாரம் வந்து பைக்கை எடுத்துட்டுப் போச்சு. அதுவரைக்கும் பைக் ஷெட்லதான் நின்னுச்சு."

"சர்வர் ரூம்ல பாக்கலையா?"

"பாத்தோமே. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. உடைச்சுத்தான் போனோம். உள்ள யாருமில்ல மேடம்."

போனை வைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பையைத் தொட்டாள். இரண்டு சாவியும் இருந்தன.

போய்விடலாம். இப்போதே. ஆனால் போனால், நாளைக்கு என்ன சொல்வாள்? பயந்துபோய் ஓடிவந்தேன் என்றா? கணவன் முகம் தெரிந்தது. அந்தச் சீரியல் கேபிளைப் பிடுங்கினால் போதும். பிடுங்கிவிட்டால் இருப்பது அவள் மட்டும். அந்தப் பக்கம் எவன் இருந்தாலும் எது இருந்தாலும் தட்டிக்கொண்டு கிடக்கட்டும்.

ரேக்கின் பின்பக்கம் போனாள். போன் வெளிச்சத்தை அடித்தாள். அவள் சொருகிய வயர்களில் பிடுங்கியது போக மிச்சம் நான்கு. ஐந்தாவதாக ஒன்று. சாம்பல் நிறம். பழையது. சர்வரின் முதுகில் ஆரம்பித்து, ரேக்கின் காலோரமாக இறங்கி, பலகையில் வெட்டியிருந்த உள்ளங்கை அகல ஓட்டைக்குள் போயிற்று. நேற்று இது இல்லை. சத்தியமாக இல்லை.

பிளக்கைக் கழற்றினாள். இரண்டு திருகு. கழன்று வந்தது.

டக் டக் சத்தம் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். எங்கே போகிறது பார்ப்போம் என்று கேபிளை மேலே இழுத்தாள். தளர்வாக வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். ஈரமாக, குளிராக. மூன்று முழம். பிறகு விறைத்தது. எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தது.

வெடுக்கென்று இல்லை. மெதுவாக. தூங்குகிறவர் போர்வையை இழுத்துக்கொள்வது போல. ஒரு முழம் அவள் கையிலிருந்து வழுக்கிப் போயிற்று. இன்னொரு முழம். அவள் விட்டுவிட்டாள். பிளக் தரையில் தட்டி, ஓட்டையின் விளிம்பில் ஒரு கணம் சிக்கி, திரும்பி, உள்ளே போனது.

சுவரோரமாக நகர்ந்து முன்பக்கம் வந்தாள். கதவு ஆறு அடி எடுத்து வைத்தால். ஆறே அடி. சாவியை எடுக்கக் கை பைக்குள் போயிற்று. கண் திரைக்குப் போயிற்று.

கேபிள் இல்லை. நெட்வொர்க் இல்லை. திரையில் எழுத்து வந்துகொண்டிருந்தது.

மேல யாரோ நிக்கிறாங்க.

அவள் நின்றாள்.

மூடி கனமா இருக்கு. கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க.

உள்ளங்காலுக்கடியில் பலகை அசைந்தது. ஒரு நூல் அளவு. அடங்கியது. மறுபடி. யாரோ முதுகைக் கொடுத்து முட்டுவது போல. நகர்ந்தால் திறக்கும். நகராமல் நின்றால் அவள் கனம்தான் மூடி. ஐம்பத்திரண்டு கிலோ. அவள் அசையவில்லை. இரண்டு காலையும் ஊன்றினாள். கைகளை விரித்துச் சமன் செய்துகொண்டாள். முட்டியது. தாங்கினாள். முட்டியது. தாங்கினாள். கத்த வாய் திறந்தாள். விசிறிகள்தான் கத்தின.

அப்போதுதான் கதவோரம் அந்தச் சத்தம். கல்லோடு கல் உரசுவது போல.

கதவுக்கு முன்னால் இருந்த பலகை ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. இருட்டுக் கோடு ஒன்று. அந்தக் கோட்டிலிருந்து, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தூசி படிந்த விரல்கள் வெளியே வந்து விளிம்பைப் பற்றின. நான்கு. பிறகு நான்கு.

அவள் காலடியில் முட்டுவதும் நிற்கவில்லை.